பத்தமடைப் பக்கம் ஒரு மாடுலர் வீடு: குடியிருந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்

திருநெல்வேலி மாவட்டம் பத்தமடைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் அப்பா அம்மாவுக்காக மாடுலர் வீடு, அதாவது தொழிற்சாலையில் இரும்புச் சட்டப் பெட்டிகளாகச் செய்து லாரியில் கொண்டுவந்து பூட்டுகிற வீடு போட்டு, ஒரு முழு வெயிலும் ஒரு முழு ஐப்பசி கார்த்திகை மழையும் பார்த்தாயிற்று, அதனால் இப்போது எழுதலாம். போட்டுக் கொடுத்தது கோவைப் பக்கத்துக் கம்பெனி. பெயர் போடவில்லை. பாராட்டினால் காசு வாங்கிவிட்டான் என்பீர்கள், திட்டினால் அவர்கள் சண்டைக்கு வருவார்கள். தவிர, நான் சொல்வதில் முக்கால்வாசி இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் பொருந்தும். ஒரே வரியில் கேட்டால்: முழுப் பெட்டி கணக்கில் யோசித்தால் நம் இஷ்டத்துக்கு வளைந்து கொடுக்கிறது, அங்குலக் கணக்கில் யோசித்தால் இம்மியும் அசையாது. இதைப் புரிந்துகொண்டு போனால் நல்ல பொருள், புரியாமல் போனால் மாதக்கணக்கில் போனில் கத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் வீட்டைப் பார்க்க வருகிற எல்லோரும் "கப்பல் கண்டெய்னரா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை. கப்பல் கண்டெய்னரில் நெளிவு நெளிவாக இருக்கும் அந்தத் தகட்டுச் சுவரும் சேர்ந்துதான் பலம் கொடுக்கிறது, பெரிய ஜன்னலுக்காக அதை அறுத்தால் பலம் போய்விடும், மறுபடி சட்டம் வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும். வீட்டுக்கென்றே செய்யும் மாடுலர் பெட்டியில் பாரம் முழுக்க மூலைக் கால்களிலும் மேலும் கீழும் ஓடுகிற சட்டங்களிலும் இறங்குகிறது. அதனால் நடுச் சுவர் முழுவதையுமே எடுத்துவிட்டு இரண்டு பெட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பட்டாசாலையாக, அதாவது ஹாலாக, ஆக்கலாம். "டிசைன் உங்கள் விருப்பம்" என்று அவர்கள் சொல்வதில் உண்மையான சங்கதி இது ஒன்றுதான், மற்றதெல்லாம் பெயிண்ட் கலர்.

எங்களுடையது மூன்று பெட்டி. ஒவ்வொன்றும் 20 அடி நீளம், 8 அடி அகலம். இரண்டைச் சேர்த்து 16 அடி அகலத்தில் பட்டாசாலையும் அடுக்களையும், மூன்றாவதைக் குறுக்கே போட்டுப் படுக்கையறையும் குளியலறையும். குறுக்கே போட்டதால் நடுவில் ஒரு மூலை கிடைத்தது, அதில் ஏற்கெனவே நின்ற வேப்பமரம் அப்படியே முற்றத்து மரமாகிவிட்டது. கொத்தனாரிடம் சொல்லியிருந்தால் முதல் வேலையாக அதைத்தான் வெட்டச் சொல்லியிருப்பார். பெட்டி ஏன் 8 அடி, பத்தாக வாங்கக் கூடாதா என்று கேட்டேன். நம் நாட்டு மோட்டார் வாகன விதிப்படி வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது, அதாவது எட்டரை அடி. அதற்கு மேல் போனால் தனி அனுமதி வாங்கி ஓட்ட வேண்டும், செலவு ஏறும். உங்கள் வீட்டு அறையின் அகலத்தைத் தீர்மானிப்பது லாரிதான் என்பதை எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள். ஒற்றைப் பெட்டிக்குள் அறை வைத்தால் சுவர்த் தடிமன் போக உள்ளே ஏழரை அடிதான் மிஞ்சும், கட்டில் போட்டால் பக்கத்தில் ஒரு ஆள் சாய்ந்து நடக்கலாம், அவ்வளவுதான். எங்கள் படுக்கையறை அப்படித்தான் இருக்கிறது, அம்மா இன்னும் முணுமுணுக்கிறாள்.

நம் ஊர் ஆட்களுக்கு உடனே வரும் அடுத்த கேள்வி, நிலை வைப்பது. நல்ல நாள் பார்த்து, நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு கொடுத்து நிறுத்துவதை விட்டுவிட்டு, கதவோடு சேர்த்து லாரியில் வந்து இறங்கும் வீட்டில் எப்படிப் பால் காய்ச்சுவது என்று ஆச்சி பிடிவாதமாக இருந்தார்கள். எங்கள் பழைய வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த தேக்கு நிலை ஒன்று மாட்டுத் தொழுவத்தில் கிடந்தது, கனம் சொல்லி மாளாது. அதையே வைக்க முடியுமா என்று கேட்டோம். இந்த இடத்தில் கம்பெனியை மெச்ச வேண்டும். நிலையை அளந்து படம் அனுப்பச் சொன்னார்கள், அந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் அகலமாக விட்டு, இரண்டு பக்கமும் கூடுதலாக இரும்புக் கால் கொடுத்து, வாசலை மட்டும் திறந்தபடி அனுப்பினார்கள். பெட்டியை இறக்கி போல்ட் போட்ட பிறகு எங்கள் ஊர் ஆசாரி வந்து முறைப்படி நிலையை நிறுத்தினார், ஆச்சி தேங்காய் உடைத்தார்கள். இரும்புக் காலுக்கும் தேக்குக்கும் நடுவில் விரற்கடை இடைவெளி விட்டிருந்தார்கள், மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும் என்று. இதை யோசித்த ஆள் யாரோ தெரியாது, நன்றாக இருக்கட்டும்.

ஆனால் இதெல்லாம் வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால். போட்ட பிறகு கதை வேறு. இந்தச் சட்டங்களை வெட்டுவது கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின், வரைபடத்தில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கேதான் ஒயர் போகும் குழாய், தண்ணீர்க் குழாய் எல்லாம். கையெழுத்துக்குப் பிறகு அம்மா கிரைண்டர் பிளக்கை இடப்பக்கம் மாற்றச் சொன்னாள். கொத்தனார் வீட்டில் எலெக்ட்ரீஷியன் உளியை எடுத்துச் சுவரைக் கொத்தி, ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடித்துவிடுவார். இங்கே திருத்தின வரைபடம், தனி பில், ஒரு வாரம் தள்ளிப்போகும் என்ற மெயில். பிளக் வலப்பக்கமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அதனால் கையெழுத்துக்கு முன்னால் உட்கார்ந்து யோசியுங்கள். ஃபேன் கொக்கி எங்கே, ஊஞ்சல் எங்கே, சாமி படம் எங்கே, டிவி எங்கே, கொசுவலை கட்ட ஆணி எங்கே என்று எல்லாம். அப்பாவுக்கு ஊஞ்சல் இல்லாமல் முடியாது, முன்கூட்டியே சொன்னதால் கூரைச் சட்டத்தில் அதற்கென்றே ஒரு குறுக்கு இரும்பு வைத்துக் கொடுத்தார்கள், ஆடினால் வீடு அதிர்வதில்லை. சாமி அலமாரி வரும் இடத்தில் போர்டுக்குப் பின்னால் பிளைவுட் வைக்கச் சொன்னோம், அதில் ஸ்குரூ போட்டால் பிடிக்கிறது. பிளைவுட் இல்லாத இடத்தில் கனமான எதையும் மாட்ட முடியாது, போர்டு பெயர்ந்து வந்துவிடும். வீடு பார்க்க வந்த பெரியப்பா வந்ததும் வராததுமாக விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது. "ஏன்டே, இதுல ஆணி அடிச்சா நிக்குமாடே?" என்றார். வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், காப்பி குடிப்பதற்கு முன்னால் சுவரைத் தட்டுகிறார்கள். வெளியே சிமெண்ட் ஃபைபர் போர்டு, நடுவில் கல்லை உருக்கிச் செய்த பஞ்சான ராக்வூல், உள்ளே இன்னொரு போர்டு என்று விளக்கிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "அப்போ தகர வீடுதான்" என்று முடித்துவிட்டார்.

இறக்கின நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரச்னை வருவது அங்கேதான். தொழிற்சாலையில் எவ்வளவு அழகாகச் செய்தாலும் கடைசி அரைக் கிலோமீட்டர் நம்முடையது. தோட்டத்துக்குப் போகிற வழியில் கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிகிற ஓடை மேல் ஒரு பழைய சின்னப் பாலம், டிரெய்லர் டிரைவர் இறங்கிப் பாலத்தின் அகலத்தைத் தப்படி வைத்து அளந்துவிட்டு, அடியில் குனிந்து கல்லைப் பார்த்துவிட்டு, ஏத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். கடைசியில் பெட்டிகளைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே இறக்கி, ஒவ்வொன்றாகச் சின்ன லாரியில் மாற்றி ஏற்றி உள்ளே கொண்டுபோய், ஹைட்ரா கிரேன் வைத்துத் தூக்கி வைத்தார்கள். நடுவில் மின்கம்பி ஒன்று தாழ்வாக ஓடியது, மின்வாரியத்தில் சொல்லிக் கரண்டை நிறுத்த வேண்டியிருந்தது. இந்தக் கூடுதல் கிரேன் வாடகை எங்கள் தலையில்தான் விழுந்தது, ஒப்பந்தத்தில் "வழி வசதி வாடிக்கையாளர் பொறுப்பு" என்று ஒரு வரி இருந்தது. பாளையங்கோட்டை, மேலப்பாளையம் மாதிரி நெருக்கமான தெருவுக்குள் வீடு கட்டுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது டிசைன் புத்தகத்தை அல்ல, தெரு முக்கில் 20 அடிப் பெட்டி திரும்புமா என்பதை. திரும்பாது என்றால் பெட்டியை விட்டுவிட்டு, சுவர், கூரையைத் தனித்தனிப் பேனலாகக் கொண்டுவந்து இடத்திலேயே பூட்டுகிற முறையைக் கேளுங்கள், அதுவும் இதே கம்பெனிகள் செய்கிறார்கள்.

வேகத்தைப் பற்றி நிறையச் சொல்வார்கள். 2012 இல் மொகாலியில் பத்து மாடிக் கட்டடத்தை 48 மணி நேரத்தில் நிறுத்தினார்கள், 2021 இல் சீனாவின் சாங்ஷாவில் பத்து மாடியை 29 மணி நேரத்துக்குள் முடித்தார்கள். எல்லாம் உண்மைதான், ஆனால் அது இடத்தில் பூட்டின நேரம் மட்டும். தொழிற்சாலையில் பாகங்களைச் செய்த காலமும் அஸ்திவாரம் போட்ட காலமும் அதில் கிடையாது. எங்களுக்கும் பெட்டி இறங்கி, பூட்டி, விளக்கு எரிந்தது சில நாட்களில், ஆனால் முன்பணம் கொடுத்ததிலிருந்து கணக்குப் போட்டால் மாதங்கள். இருந்தாலும் ஒரு பெரிய நிம்மதி என்னவென்றால், அங்கே பெட்டி தயாராகிற அதே நேரத்தில் இங்கே அஸ்திவார வேலை ஓடுகிறது, ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதில்லை. நம் பக்கத்துக் கட்டட வேலை தெரியும்தானே, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போன கொத்தனார் அப்படியே கோயில் கொடைக்கும் இருந்துவிட்டு சித்திரை பாதியில் வருவார், அவர் வந்தால் சித்தாள் இருக்க மாட்டாள், இரண்டு பேரும் வந்தால் எம் சாண்ட் வந்திருக்காது. அந்தத் தலைவலி இல்லை.

வெயிலைப் பொறுத்தவரை நான் எதிர்பார்த்ததைவிட நல்லது. கூரைக்கு 50 மில்லிமீட்டர் பஃப் பேனல், அதாவது இரண்டு தகட்டுக்கு நடுவில் பாலியூரித்தேன் நுரை, ஒரே தடிமனுக்குக் கணக்குப் போட்டால் அந்த நுரை செங்கல்லைவிட 25, 30 மடங்கு குறைவாகத்தான் சூட்டைக் கடத்தும். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. செங்கல் சுவர் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி நம் மேல் கக்கும், மே மாதம் பாளையங்கோட்டையில் கான்கிரீட் வீட்டில் பதினொரு மணிக்குப் படுத்தவர்களுக்குத் தெரியும். இந்த வீட்டுச் சுவருக்குச் சூட்டைச் சேர்த்து வைக்கிற தன்மையே குறைவு, அதனால் பொழுது சாய்ந்து காற்று வந்ததும் ஜன்னலைத் திறந்துவிட்டால் சீக்கிரமே வீடு ஆறிவிடுகிறது. மறுபக்கம், மதியம் இரண்டு மணிக்குக் கதவைத் திறந்து போட்டு வைத்தால் உள்ளே உடனே அனல். ஏசி போட்டால் சட்டென்று குளிர்கிறது, நிறுத்தினால் சட்டென்று போய்விடுகிறது. மேற்குப் பக்கம் வேப்பமரம் இருப்பதால் எங்களுக்குத் தாக்குப்பிடிக்கிறது.

மழைதான் கோளாறு. இரண்டு பெட்டி சேர்கிற இடத்தில் மேலே ஒரு தகடு மடித்து மூடியிருந்தார்கள். முதல் இரண்டு மழை ஒன்றும் இல்லை. அப்புறம் காற்றோடு சாய்ந்தடித்த ஒரு மழையில் அந்தத் தகட்டுக்கு அடியில் தண்ணீர் ஏறி, பட்டாசாலை நடுவில் நேர்கோடாகச் சொட்டியது, அடியில் பத்தமடைப் பாய் விரித்திருந்தது, அம்மாவின் சீதனப் பாய். போன் போட்டால் "டீம் வருவாங்க சார்" என்பதே பதில். வந்தார்கள், ரொம்பத் தாமதமாக. வந்த பையன் ஏறிப் பார்த்துவிட்டு, தகட்டின் மேல்மடிப்பு போதாது, அடியில் தண்ணீர் புகாத பியூட்டில் ரப்பர் டேப் ஒட்டாமல் வெறும் சிலிக்கான் பசை மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று அவர்களுடைய வேலையையே குறை சொன்னான். அகலமான தகடு வைத்து, டேப் ஒட்டி, ஸ்குரூ தலைக்கெல்லாம் ரப்பர் வாஷர் போட்டுப் போனான். அதற்குப் பிறகு சொட்டவில்லை. நீங்கள் எடுத்தால் இணைப்பு வருகிற இடத்தை முதல் நாளே ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். மழைச் சத்தமும் உண்டு, ஐப்பசியில் கனமாகப் பெய்தால் டிவியில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது. தென்காசி, குற்றாலம் பக்கம் சாரலுக்கு இது சுகமாகக்கூட இருக்கலாம்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தாமிரபரணிக் கரையில் யார் வீடு கட்டினாலும் முதல் பேச்சே எவ்வளவு உயரத்தில் என்பதுதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதை மறக்க முடியுமா. இந்த வீட்டில் அது சுலபம், குட்டைத் தூண்கள் மேல் உட்கார வைப்பதால் மண் நிரப்பாமலே தரையை உயர்த்திக்கொள்ளலாம், எங்களுடையது இடுப்புயரம். கீழே காலியாக இருப்பதால் பாம்பு கீரி வரும் என்று சுற்றிலும் கம்பி வலை அடித்தோம். ஆனால் லேசான பெட்டி என்பதால் தண்ணீர் ஏறினால் மிதக்கவும் பார்க்கும், தூணோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆனி ஆடிக் காற்றுக்கும் இதே சங்கதிதான், காற்றாலை நட்டிருக்கிற ஊரில் லேசான கூரைக்கு நங்கூரம் இல்லாமல் ஆகாது.

மானூர்ப் பக்கம் கரிசல் மண் வைத்திருப்பவர்களிடம் "வெயிட் கம்மி சார், அஸ்திவாரமே பெரிசாத் தேவையில்லை" என்று சேல்ஸ்காரர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். கரிசல் மழைக்கு ஊதி வெயிலுக்கு வெடிக்கும், ஊதும்போது கனமான வீட்டைவிட லேசான வீட்டைத்தான் எளிதாகத் தூக்கும். ஊறிக் காய்கிற மேல் மண்ணைத் தாண்டிக் கீழே போய், அடிப்பக்கம் அகலமாக விரிகிற பைல், அதாவது மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் தூண், போட வேண்டும். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் இரும்புக்கு என்ன பூச்சு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம் என்பது கேட்க வேண்டிய எண், அதற்குக் குறைவாகச் சொன்னால் உப்புக் காற்று ஜெயித்துவிடும்.

அடுக்களைச் சுவருக்கு பஃப் பேனல் வேண்டவே வேண்டாம், அது எரிகிற பொருள். ராக்வூல் எரியாது, அடுப்படிக்கு அதையே கேளுங்கள், விலை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

எனக்கு ரொம்பக் குறையாகத் தோன்றுவது தட்டட்டி, அதாவது மொட்டை மாடி, இல்லாதது. பேனல் கூரையில் ஏறி நடக்க முடியாது. வத்தல் வடகம் காயப் போட, கோடையில் பாய் விரித்துப் படுக்க, பிள்ளைகள் பட்டம் விட என்று நம் வீட்டில் பாதி வாழ்க்கை தட்டட்டியில்தான். தண்ணீர்த் தொட்டிக்கும் தனியாக இரும்புக் கோபுரம் போட வேண்டியிருந்தது. கான்கிரீட் பெட்டியாகச் செய்தால் இந்தக் குறை இராது. சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிற எங்கள் அத்தான் சொல்லித்தான் தெரியும், அங்கே 2019 இல் 1,866 கான்கிரீட் பெட்டிகளை அடுக்கி 40 மாடியில் இரட்டைக் கட்டடம் முடித்தார்கள், கிளெமெண்ட் கேனோபி என்று பெயர். நம் நாட்டிலும் ராஞ்சியில் புதுக் கட்டுமான முறைகளைச் செய்துகாட்டும் மத்திய அரசின் லைட் ஹவுஸ் வீட்டுத் திட்டத்தில் 1,008 வீடுகளைக் கான்கிரீட் பெட்டி முறையில்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெட்டியின் கனத்துக்கு எங்கள் ஓடைப் பாலம் அன்றைக்கே ஓடையோடு போயிருக்கும்.

பின்னால் பெட்டி சேர்க்கலாம், கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது அவர்கள் சொல்லும் இன்னொரு பெரிய லாபம். சேர்ப்பது உண்மை, தங்கைக்காக நாலாவது பெட்டி பேசிக்கொண்டிருக்கிறோம், அதற்கென்றே கிழக்குச் சுவரில் கதவு வரும் சட்டத்தை முதலிலேயே விட்டு வைத்தோம், இப்போது போர்டை மட்டும் அறுத்தால் போதும். கழற்றுவதில் கவனம் வேண்டும். டோக்கியோவில் 1972 இல் நாககின் கேப்சூல் டவர் என்று 140 பெட்டிகளை வைத்து ஒரு கட்டடம், 25 வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியை மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் கட்டினார்கள். ஒன்றைக்கூட மாற்றாமலே 2022 இல் இடித்தார்கள். ஒரு பெட்டியை எடுக்க அதற்கு மேலே இருப்பதையெல்லாம் எடுக்க வேண்டும் என்பதும் அதில் ஒரு சிக்கல். மாடி இல்லாமல் ஒற்றைத் தளமாகப் போட்ட எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மாடி மேல் மாடி வைக்கிறவர்கள் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். குத்தகை நிலத்தில் கடை, கிளினிக், கங்கைகொண்டான் சிப்காட் மாதிரி இடத்தில் சைட் ஆபீஸ் போடுகிறவர்களுக்குக் கழற்றி எடுத்துப் போகிற வசதி கண்டிப்பாகப் பணத்தை மிச்சம் பிடிக்கும்.

அனுமதி விஷயத்தில் பெட்டி என்பதால் சலுகை எதுவும் இல்லை, ஆள் குடியிருக்கும் கட்டடம் என்றால் பிளான் அப்ரூவல் வேண்டும். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை வீடு என்றால் ஆன்லைனில் உடனே கிடைக்கிறது, பெரும்பாலான மாடுலர் வீடுகள் அந்த அளவுக்குள் அடங்கிவிடும். வங்கியில்தான் இழுத்தார்கள். நான் போன வங்கியில் வீட்டுக்கடன் என்று தர மாட்டேன் என்றுவிட்டார்கள், மேனேஜருக்குப் படத்தையெல்லாம் காட்டியும், நகையை வைத்துத்தான் சமாளித்தோம்.

விலை குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சதுர அடிக் கணக்கில் நம் பக்கத்து நல்ல கொத்தனார் கேட்பதற்குச் சமமாகவே வந்தது, அதற்கு மேல் பில்லில் 18% ஜிஎஸ்டி, அதற்கு மேல் லாரி, கிரேன். மிச்சமாவது காலமும் வாடகையும் மன உளைச்சலும்தான், அதற்கு என்ன விலை போடுவது என்பது அவரவர் பாடு. பணம் கொடுக்கும் முறையில் மட்டும் உஷாராக இருங்கள். பெட்டி தொழிற்சாலையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே கிட்டத்தட்ட முழுப் பணத்தையும் கேட்பார்கள். நாங்கள் கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஐப்பசி கார்த்திகை மழை முடிந்த பிறகுதான் தருவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தோம். முதலில் முகத்தைச் சுளித்தார்கள், அப்புறம் ஒத்துக்கொண்டார்கள். கூரை சொட்டினபோது "டீம் வருவாங்க" என்று இழுத்தடித்தவர்கள் கடைசியில் வந்து சேர்ந்தது அந்தப் பணம் எங்கள் கையில் இருந்ததால்தான் என்று அப்பா சொல்கிறார்.